பொய்ப் பெயரில் உறங்கியவன்

வெள்ளாற்றின் வடகரையில் அந்தி சாய்ந்து கொண்டிருந்தது. மேற்கே கதிரவன் தன் கடைசிச் செம்மையை நீரின்மேல் தெளித்துவிட்டு மறைய, கிழக்கே நாணற்புதர்களுக்கு மேல் முழுநிலா மெல்ல எழுந்து, மணல் திட்டுகளுக்கிடையே ஆழமாய் நெளிந்தோடிய அந்த ஆற்றின் மீது தன் வெண்கதிர்களைப் பரப்பியது. அக்கரையில் தென்கரை அரையரின் காவல் தீக்கள் ஒவ்வொன்றாய்க் கண் விழித்தன. இக்கரையில் வடகரை வேளின் படைவீடு. அதன் கோடியில், மருத மரங்களின் அடியில், காயம்பட்டவர்களின் கூடாரம். வாசகர்களே, போரைப் பாட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். போருக்குப் பின் அந்தக் கூடாரத்தில் எழும் அலறலைக் கேட்கத்தான் ஆள் கிடையாது. மூக்கைப் பொத்திக்கொண்டாவது என்னோடு உள்ளே வாருங்கள்.

அதோ, அகல் விளக்கைக் கையிலேந்தி நிற்கிறாளே, அவள்தான் ஐயாறி. கத்தி எடுத்து அறுக்கும் சல்லியர் ஆரூரருக்குத் துணையாக வேளின் ஆணையால் வந்தவள். அவள் கையில் மருந்து கிடையாது, பேச்சுத்தான் மருந்து. படைவீட்டில் அதைத் துயில்மொழி என்றார்கள். மடைப்பள்ளியில் கை வெந்த சமையற்காரன், சொத்தைப் பல் பிடுங்க வந்த யானைப்பாகன், பிள்ளை பெற முடியாமல் துடித்த குதிரைக்காரன் மனைவி என்று அவள் முன்னால் உட்காராத ஆளே அங்கில்லை. விளக்கின் சுடரைப் பார்க்கச் சொல்வாள். மூச்சை மெல்ல விடச் சொல்வாள். பயமே அறியாமல் நீர் இருந்த இடம் எது என்று கேட்பாள். பிறகு அந்த இடத்துக்கே நோயாளியை நடத்திக் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, இங்கே உடம்பில் செய்ய வேண்டியதைச் செய்யச் சொல்வாள். மந்திரமா மாயமா என்று கேட்காதீர்கள். அழுகிற குழந்தையின் முழங்காலை ஊதி, "போச்சு, போச்சு!" என்று சொல்கிற தாய்க்குத் தெரிந்த வித்தைதான் அது, ஐயாறி அதில் கரை கண்டிருந்தாள், அவ்வளவே.

அன்று அந்தியில் வில்வீரன் கடம்பனைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். ஆற்றுத் துறையில் நடந்த கைகலப்பில் தென்கரை அம்பொன்று அவன் வலத் தோளின் கீழ் ஆழப் பாய்ந்திருந்தது. அவனைக் கண்டதும் ஐயாறியின் கையிலிருந்த விளக்கு ஆடியது. ஆடாமல் என்ன செய்யும்? படையில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை முள் குத்தியது, எறும்பு கடித்தது என்று சொல்லிக்கொண்டு அந்தக் கூடாரத்தையே சுற்றி வந்தவன். ஆனால் துயில்மொழி சொல்லட்டுமா என்று கேட்டால் மட்டும், "வேண்டாம் நங்கையே, உமது முகத்தைப் பார்த்தாலே வலி பறந்துவிடுகிறது" என்று நழுவிவிடுவான். அவள் அதைக் காதல் என்று எண்ணி நாணினாள். காதல்தான், ஐயமில்லை, ஆனால் அதில் அச்சமும் கலந்திருந்ததை அவள் அறியவில்லை.

"இன்றும் வேண்டாம்" என்றான் பல்லைக் கடித்தபடி. "அப்படியே அறுக்கச் சொல்லும். பொறுத்துக் கொள்வேன்."

"அட, சும்மா கிடவும் ஐயா!" என்று சீறினார் ஆரூரர். "அம்பு முனைக்குப் பக்கத்திலேயே குருதிப் பெருங்குழாய் ஓடுகிறது. நீர் ஒரு முறை துள்ளினால் போதும், உமது உயிர் என் மடியிலேயே போய்விடும். வீரத்தையெல்லாம் களத்தில் காட்டும்."

ஐயாறி கட்டிலருகே மண்டியிட்டு உள்ளங்கையை நீட்டினாள். நோயாளி தானாகவே அதில் கை வைக்க வேண்டும். பெற்றவள் இட்ட பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயர்தான் துயிலிலிருந்து திரும்பி வரும் வழி. அது ஐயாறியின் குலத்து முறை.

அவன் கை வைத்தான். சற்றே தயங்கினான். "கடம்பன்" என்றான்.

அவள் பேசினாள். அவன் கண்கள் சுடரில் நிலைத்து, கனத்து, மூடின. அவன் தேர்ந்த இடம் ஒரு படித்துறை. நிலவொளியில் அங்கே கொண்டுபோய் அவனைத் தோளளவு நீரில் நிறுத்தினாள். "நீர் குளிர்ந்திருக்கிறது. தோள் மரத்துவிட்டது. குருதியும் குளிர்ந்து மெல்ல ஓடுகிறது" என்றாள். ஆரூரர் அறுத்தார், அம்பு முனை வெளியே வந்தது, அவன் புருவம்கூட அசையவில்லை. கட்டுப் போட்டு முடித்த சல்லியர் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"கடம்பரே, போதும். படியேறி வாரும்" என்று அழைத்தாள் ஐயாறி.

அவன் வரவில்லை.

மறுபடி அழைத்தாள். குரலை உயர்த்தி அழைத்தாள். அவன் உதடுகள் நீலம் பாரித்தன. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்த ஆரூரரின் முகம் சுருங்கிப் போயிற்று. "நாடி இறங்குகிறது பெண்ணே! உடம்பு ஐயோவென்று சில்லிட்டுப் போகிறது. நீ சொன்ன குளிர்ந்த நீரிலேயே ஆள் மூழ்கிக் கொண்டிருக்கிறான். சீக்கிரம் கூப்பிடு!"

"கூப்பிடுகிறேனே! அவர் பெயர் இதுவல்ல!" என்றாள் ஐயாறி, அழுகை முட்ட. பொய்ப் பெயர் சொன்னவனை எந்தப் பெயரிட்டு அழைப்பது? அவன் காதருகே குனிந்தாள். "படித்துறையில் உம்மோடு யார் இருக்கிறார்கள்?"

வெகு தூரத்திலிருந்து வருவது போல அவன் குரல் எழுந்தது. "அண்ணன் இருக்கிறான். குளித்துக் கொண்டிருக்கிறான். முதுகில் அம்பு தைத்திருக்கிறது. இன்னும் அதை யாருமே பிடுங்கவில்லை."

ஆரூரர் விளக்கைத் தூண்டிவிட்டார்.

"வா, வா என்று கூப்பிடுகிறான். ஆழத்துக்குப் போகிறான். நானும் போகிறேன்."

"போகாதீர்! என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்? சொல்லும், உமக்குப் புண்ணியமாகப் போகட்டும்!"

"கூத்தமாறா என்று."

"யார்?" என்று வாயிலில் ஒரு குரல் இடித்தது.

படைத்தலைவர் மழவரையர் நெற்றிப் பொட்டுகளை இரு கைகளாலும் அழுத்திக்கொண்டு நின்றிருந்தார். தென்கரையின் மூத்த இளவரசனை ஆற்றுத் துறையில் நேருக்கு நேர் வாள் பொருது வீழ்த்தியவர் என்று வடகரைப் பாணர்கள் பாடிப் பாடி ஓய்ந்த பெருவீரர் அவர். அந்த வெற்றி கிட்டிய நாள் முதல் அவருக்கு ஒரு தலைவலி. அந்தி தோறும் ஐயாறியிடம் வந்து துயில்மொழி கேட்டால்தான் அவரால் சோறு உண்ண முடியும். இன்றும் அதற்காகவே வந்தவர், உள்ளே நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டார்.

"கூத்தமாறன்! தென்கரையின் இளையவன்!" மழவரையர் வாளை உருவினார். "தன் தமையனைக் கொன்றவனைத் தேடி என் படைக்குள்ளேயே புகுந்தானா? நல்லது. அவனை அழைக்காதே பெண்ணே. தமையனோடு போக விரும்புகிறான் அல்லவா? போகட்டும். என் வாளும் நனைய வேண்டாம், உன் மேலும் பழி வேண்டாம்."

"ஐயனே, என் கையில் கை வைத்தவர் இவர். விட்டுவிட்டால் நானே கொன்றதாக ஆகும்."

"அழைத்தால் இவன் கழுத்தை வெட்டுவேன். உன் விருப்பம்."

மழவரையரின் முகம் வலியில் கோணியது. சினம் ஏறினால் அந்தத் தலைவலியும் ஏறும் என்பது ஐயாறிக்குத் தெரியும். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். அவன் மார்பு ஏறி இறங்குவது கண்ணுக்கே தெரியவில்லை. தன் குலம் செய்யக் கூடாதென்று வைத்ததை அந்தக் கணத்தில் அவள் செய்தாள். மழவரையர் நீட்டாத கையைத் தானே பற்றினாள்; வாளின் பிடியிலிருந்து அவர் விரல்களை மெல்லப் பிரிக்கத் தொடங்கினாள்.

"குட்டா" என்றாள் மிக மென்மையாக. "தலை நோகிறதா குட்டா? மூச்சை விடு. விளக்கைப் பார்."

வடகரையே நடுங்கும் அந்த மனிதரைப் பெற்றவள் இட்டழைத்த பெயர் அது. எத்தனையோ அந்திகளில் அந்தக் குரலுக்கு இணங்கிப் பழகிய உடம்பு, பாய் விரித்துப் போட்டதும் உறங்கும் குழந்தையைப் போல அப்படியே துவண்டு அமர்ந்தது. வாள் மணலில் விழுந்தது.

"நான் எதையும் பார்க்கவில்லையம்மா. கத்தியைக் கழுவிக்கொண்டு வருகிறேன்" என்று முணுமுணுத்துவிட்டு ஆரூரர் பின்வாயில் வழியே மறைந்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர்.

ஐயாறி கட்டிலின் பக்கம் பாய்ந்தாள். "கூத்தமாறரே! உம் அண்ணன் போகட்டும். நீர் வாரும். படியேறி வாரும், கூத்தமாறரே! நான் இங்கே இருக்கிறேன்!"

அவன் மார்பு விம்மிற்று. நெடுநேரம் நீருக்கடியில் இருந்தவனைப் போல வாய் பிளந்து மூச்சை இழுத்துக்கொண்டு கண் திறந்தான். அவளுக்கு வந்த அழுகையை எழுத என் எழுத்தாணிக்குத் திறமில்லை. அவன் மார்பிலேயே முகம் புதைத்து விம்மினாள்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மழவரையர் உறக்கத்தில் பேசிக் கொண்டிருந்தார். வழக்கமாக அவரை அவருடைய தாயின் பூந்தோட்டத்துக்குத்தான் ஐயாறி அழைத்துப் போவாள். இன்று இடம் எதையும் அவள் சொல்லவில்லை. ஆகவே அவர் தாமாகவே போக வேண்டிய இடத்துக்குப் போயிருந்தார்.

"நிலா பட்டப்பகல் போல இருந்தது. அவன் முதுகைக் காட்டிக்கொண்டு குளித்தான். கையில் ஒன்றுமில்லை. ஏதோ பாடிக் கொண்டிருந்தான். நாணலுக்குள்ளிருந்து வில்லின் நாணை இழுத்தேன். வாளால் வென்றேன் என்று பாணர்களிடம் சொன்னவனும் நானே."

கூத்தமாறன் எழுந்துவிட்டான். எந்த வலிமை அவனை எழுப்பியதோ, இடக் கையால் அந்த வாளை எடுத்து உறங்குகிறவரின் கழுத்துக்கு நேரே பிடித்தான். ஐயாறி குறுக்கே வந்து நின்றாள்.

"விலகும் நங்கையே. இதைக் கேட்கத்தானே ஊரையும் பெயரையும் விட்டு வந்தேன்!"

"விலக மாட்டேன். இவரை உறங்க வைத்தவள் நான். இவருக்கு இப்போது கையும் இல்லை, வாளும் இல்லை. குளித்துக் கொண்டிருந்தவர் முதுகில் அம்பு எய்தவர் இவர். உறங்குகிறவர் கழுத்தை அறுத்தால் நீர் யார் ஐயா?"

அவன் கண்களில் நீர் திரண்டது. பிறகு வாளை வீசி எறிந்துவிட்டு அவள் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டான். "என்னோடு வந்துவிடும்" என்றான். "உம்மை இங்கே விட்டால் கொன்றுவிடுவார்கள்."

"இவரை யார் எழுப்புவது? இப்படியே விட்டுப் போனால் உமக்கு ஆனதுதான் இவருக்கும் ஆகும். நீர் போம். உம் கைகால்கள் இன்னும் என் சொல்லில்தான் இருக்கின்றன. கேளும்: அக்கரை மண்ணை மிதிக்கும்வரை தோள் வலிக்காது. மிதித்ததும் வலிக்கும், நன்றாகவே வலிக்கும். அப்போது உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்துகொள்ளும்."

அவன் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கூடாரத்தின் பின்துணியைத் தூக்கி, நாணல்களுக்குள் மறைந்தான். நீர் சலசலத்தது. நாட்டுக்குத் துரோகம் செய்தாளே என்று நீங்கள் கேட்கக்கூடும். கேளுங்கள், அந்தக் கட்டிலருகே நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்பதையும் உங்களையே கேட்டுக் கொள்ளுங்கள்.

ஐயாறி முகத்தைத் துடைத்துக்கொண்டு மழவரையரின் முன் அமர்ந்தாள். தன் கழுத்தையே வாளுக்குக் கொடுக்கப் போகிறோம் என்பது தெரிந்தும், "குட்டா, போதும். எழுந்து வா" என்று அழைத்தாள்.

அவர் கண் திறந்தார். அந்தக் கண்களில் சினம் இல்லை. கூடாரத்தின் மூலையை, யாருமில்லாத அந்த மூலையை, வெகுநேரம் பார்த்தார்.

"பேசினேனா?" என்றார்.

"பேசினீர்கள், ஐயனே."

"இளையவன் கேட்டானா?"

"கேட்டார்."

"வாள் இங்கேதானே கிடந்தது?"

"உங்கள் கழுத்துக்கு நேரே பிடித்தார். பிறகு போட்டுவிட்டுப் போய்விட்டார்."

அந்த நேரம் காவலர்கள் பந்தமும் வில்லுமாக ஓடிவந்தார்கள். "தலைவரே! ஆற்றுல ஒருத்தன் நீந்திப் போறான்! நிலவுல நல்லாத் தெரியுது, இன்னும் எட்டற தூரந்தான். ஒரு சொல் சொல்லுங்க, அம்பு போட்டுடறோம்!"

ஐயாறி கண்களை இறுக மூடிக்கொண்டாள். மழவரையர் எழுந்து, தள்ளாடி நடந்து, கரைக்குப் போய் நின்றார். முழுநிலா ஆற்றின்மேல் பாலாய்ப் பொழிந்து கொண்டிருந்தது. நடுநீரில் ஒரு தலை மட்டும் மெல்ல மெல்ல அக்கரையை நோக்கி நகர்ந்தது.

"ஒருத்தனா?" என்றார் படைத்தலைவர். "நன்றாகப் பாருங்களடா, இரண்டு பேர் போகிறார்கள். மூத்தவனை நான் ஏற்கெனவே முதுகில் எய்து கொன்றுவிட்டேன். இளையவனை விடுங்கள்."

காவலர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வில்லைத் தாழ்த்தினார்கள்.