செய்தி கேட்ட நாள்

மைசூர் அக்ரஹாரத்துக்குள் ஆட்டோ நுழைந்தபோது வரதன் கடைசித் தடவையாக முகத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டார். முதலில் புருவம் ஏற வேண்டும். பிறகு வாய் லேசாகத் திறக்க வேண்டும். அதற்கப்புறம்தான், "என்னம்மா சொல்றே?" விமானக் கழிவறைக் கண்ணாடி முன்னால் இருபது நிமிஷம் நின்று பழகியிருந்தார். வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டித் தட்டிக் கை ஓய்ந்துபோனார்கள்.

அண்ணா ஆழ்வார் இறந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. அந்தச் செய்தியை வரதன் இனிமேல்தான் முதல் முறையாகக் கேட்க வேண்டும்.

வரதன் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மனைவி போய் ஆறு வருஷம். கல்யாணமே செய்துகொள்ளாத அண்ணாவும் அவரும்தான் வீட்டில். போன வருஷம் குக்கரஹள்ளி ஏரிக்கரையில் காலை நடைக்குப் போன இடத்தில் நாலு சிநேகிதர்கள் கிடைத்தார்கள். அறுபத்திரண்டு வயதில் புதுச் சிநேகம் என்பது புதுப் பல் முளைத்த மாதிரி. ஓயாமல் நாக்கால் தடவிப் பார்க்கச் சொல்லும். அவர்களில் கொள்ளேகால் ஜவுளி வியாபாரி ஆறுமுகசாமிதான் டிசம்பர் விடுமுறைக்கு ஜார்ஜியா தேசத்துப் பனிமலையில் பதிமூன்று நாள் என்று ஏற்பாடு செய்தவர்.

போன இரண்டாம் நாள் மத்தியானம், மலையுச்சியில், சட்டைப்பைக்குள் போன் அதிர்ந்தது. பக்கத்து வீட்டு ஸுஷ்மா அனுப்பிய செய்தியின் முதல் வரி திரையில் தெரிந்தது: "மாமா, ஆழ்வார் மாமா போயிட்டார், உடனே..." மிச்சத்தைப் படிக்க விரலால் தொட வேண்டும்.

வரதன் தொடவில்லை.

அவர்கள் வீட்டு வழக்கத்தில் தீட்டுக்கு ஒரு கணக்கு உண்டு. செத்தவருக்கு எந்த நாள் என்பது வேறு. உயிரோடிருக்கிற பங்காளிக்குச் செய்தி காதில் விழுந்த நாளிலிருந்துதான். பத்து நாளுக்குள் கேட்டால் மிச்ச நாள் முழுக்கக் காக்க வேண்டும். பத்து நாள் தாண்டிக் கேட்டால் மூன்றே நாள். கேட்காதவனுக்கு ஒன்றுமில்லை, அவன் பாட்டுக்குப் பனியில் சறுக்கலாம். வாத்தியார் மனசுக்குள்ளேயே கூட்டிக் கழித்துப் பார்த்தார். போனை அணைத்தார். "குளிர் தாங்காம போன் செத்துப்போச்சு" என்று சிநேகிதர்களிடம் சொன்னார். சாவைப் பற்றி அவர் அன்றைக்குச் சொன்னது அவ்வளவுதான்.

ஆட்டோ போனதும், பையில் சாவி இருந்தும், பழக்க தோஷத்தில் கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது.

"வந்துட்டியா? என்னடா இப்படிக் கறுத்துப்போயிட்டே?" என்றார் ஆழ்வார்.

வரதனுக்கு முதலில் வந்தது பயமில்லை, சந்தோஷம். ஸுஷ்மா அவசரக்குடுக்கை. ஆஸ்பத்திரிக்குப் போயிட்டார் என்று எழுத வந்திருப்பாள். அண்ணாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்றிருந்தது. மார்கழி மாசம், மைசூர். யார் கைதான் ஜில்லென்றில்லை?

உள்ளே அடைத்துக் கிடந்த வீட்டு வாசனை. அதற்கடியில் துளசியும் நெய்யும் கருகின ஒரு வாசனை.

"பத்து நாளா என்னோட ஒருத்தரும் பேசறதில்லைடா" என்றார் ஆழ்வார். "ஸுஷ்மா வந்து வெளக்கேத்தறா. கூப்பிட்டா திரும்பறதில்லை. நான் என்ன தப்புப் பண்ணினேன்? அரிசி டப்பா மூடிகூட எனக்குத் திறக்க வரலை. பசிக்கறது."

வரதன் பையைக் கீழே வைத்தார்.

வைத்த பை தரையைத் தொட்ட சத்தம் கேட்டது. அண்ணா நடந்த சத்தம் கேட்கவில்லை.

"மாமா!" வாசலில் ஸுஷ்மா. கையில் சாவி. "எப்ப வந்தீங்க? எப்படி உள்ளே போனீங்க? பழைய பூட்டை மாத்தி நான்தானே புதுசு போட்டேன், சாவி என்கிட்டல்லவா இருக்கு?"

வரதன் கதவைப் பார்த்தார். புதுப் பூட்டு, பூட்டினது பூட்டினபடி, வெளித் தாழ்ப்பாளில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்திருந்தது.

ஸுஷ்மா சொல்லிவிட்டாள். நெஞ்சுவலி, அரை மணி நேரம். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காவிரிக்கரையில் தகனம். தாயாதி ஸாத்விக் பத்து நாள் காரியமும் செய்தான். அவள் சொல்லச் சொல்ல, அவள் தோளுக்கு ஒரு முழம் தள்ளி நின்று ஆழ்வாரும் கேட்டுக்கொண்டிருந்தார், வகுப்பில் புதுப் பாடம் கேட்கிற பையன் மாதிரி.

"அன்னிக்கே மெஸேஜ் போட்டேனே. நீங்க பார்க்கலியா?"

ஆழ்வார் தம்பியைப் பார்த்தார்.

புருவம் ஏறியது. வாய் திறந்தது. "என்னம்மா சொல்றே? போன் குளிர்லே போயிடுத்தே!" கண்ணீர்கூட வந்தது, அது ஒத்திகையில் வராத ஒன்று.

ஸுஷ்மா அழுதுகொண்டே போனாள். ஆழ்வார் தம்பியின் முதுகைத் தடவினார். சட்டைக்குள் ஈரம் இறங்கினது.

"பாவம்டா நீ. எனக்கே இப்பத்தான் தெரியும், உனக்கு மட்டும் எப்படித் தெரியும்? போ, தலைக்கு ஊத்திக்கோ. நீ கேட்டாச்சு. மூணு நாள் கழிஞ்சதும் நான் கிளம்பிடறேன்."

மறுநாள் காலை ஆழ்வார் சமையலறை வாசலில் நின்றார். "இன்னிக்கு முதல் நாள், இல்லியா?"

"ரெண்டாம் நாள் அண்ணா."

"இல்லியேடா." நிஜமாகவே குழம்பினார்.

அதற்கடுத்த நாளும் முதல் நாள். ஐந்தாம் நாளும் முதல் நாள். வரதன் இலை போட்டுச் சாதம் வைத்தார். சாதம் வைத்தபடி இருந்தது. ஆழ்வாரின் கன்னம் மட்டும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. ஏழாம் நாள் அவருக்குப் பின்னாலிருந்த காலண்டரில் தேதி படிக்க முடிந்தது, அவர் வழியாக.

"கிளம்பவே வரலைடா. கணக்கு எங்கேயோ உதைக்கறது. நீதான் வாத்தியாராச்சே, பார்த்துச் சொல்லு."

வரதன் போனை எடுத்து அண்ணா முன்னால் வைத்தார்.

"அண்ணா. நான் அன்னிக்கே பார்த்துட்டேன்."

ஸுஷ்மா வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"பார்த்துட்டு?"

"போனை அணைச்சேன்."

"அப்புறம்?"

"சறுக்கி விளையாடினேன்."

"நன்னா இருந்துதா?"

பொய் சொல்லியிருக்கலாம். அதற்கும் நாக்கு வரவில்லை.

"நன்னாத்தான் இருந்துது அண்ணா."

ஆழ்வார் தலையை ஆட்டினார். தன் அறைக்குள் போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது. வரதன் திறந்து பார்த்தபோது உள்ளே கட்டில் மட்டும்.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை. வரதன் ஸ்ரீரங்கப்பட்டணம் போய்ச் செய்ய வேண்டியதைச் செய்தார். சிநேகிதர்களிடம் மட்டும் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், எப்போது கேட்டாய் என்று கேட்பார்களே.

பிப்ரவரியில் ஒரு பகல் ஆறுமுகசாமி கூப்பிட்டார்.

"ஏனுங்க வாத்தியாரே, வர்ற டிசம்பருக்கு ஜப்பானுங்க. ஆறு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சுங்க."

"ஆறா? நாம அஞ்சு பேர்தானே?"

"அட, உங்க அண்ணாருதானுங்க போன் பண்ணினாரு. தம்பியத் தனியா அனுப்புனா சேதி போய்ச் சேரமாட்டேங்குது, இந்தவாட்டி நானே கூட வந்துக்கறேன்னாருங்க. நல்ல தமாஷான மனுசன். பாஸ்போர்ட் நகலும் அனுப்பிட்டாரு."

ஆழ்வார் ஆயுளில் பாஸ்போர்ட் எடுத்தவரில்லை.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தனுங்க," என்றார் ஆறுமுகசாமி. "போட்டோவுல நெத்தியில திருமண்ணு, மேலுக்குச் சட்டையில்ல. பின்னாடி ஒரே வெள்ளை. செவுருன்னு நெனச்சனுங்க. பெருசு பண்ணிப் பார்த்தா பனிமலைங்க. கொஞ்ச தூரத்துல ஒருத்தரு போனைப் பார்த்துட்டு நிக்கறாரு."

"வாத்தியாரே, அது நீங்கதானுங்களே?"