தாங்கள் அறியாததல்ல

செவ்வாய்க் குடியிருப்பில் வழக்கறிஞர்கள் காலையில் பல் துலக்கியதும் பிடரியில் பதித்த கணினிச் சில்லில் அன்றைய சட்டத்தை ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு நாள் தவறினாலும் நீதிமன்றக் கதவு திறக்காது. சட்டம் ஏறும்போது வாயில் துருப்பிடித்த இரும்பு போல ஒரு கசப்பு வரும். அதைத் துப்பிவிட்டுத்தான் தில்லைக்கரசி அன்று நீதிமன்றத்துக்கு வந்தாள்.

நீதிபதிக்கு அந்தத் தொல்லை இல்லை. நீதிபதி ஓர் இயந்திரம். எதையும் ஒரே நொடியில் கற்றுவிடும். ஆனால் அதைக் கற்கச் சொல்ல யாருக்கும் அதிகாரம் கிடையாது.

அவளுடைய கட்சிக்காரர் மரியசூசை, சுரங்கத் தொழிலாளி. தூசியால் அழுகிய நுரையீரலுக்குப் பதிலாகச் சுரங்கம் அவருக்குச் செயற்கை நுரையீரல் பொருத்தியிருந்தது. அவர் வேலையை விட்டதும் அதைத் திருப்பிக் கேட்டது.

"பொருத்திய உறுப்பு உடலுக்கே சொந்தம். போன மாதம் சட்டம் திருத்தப்பட்டது, கனம் நீதிபதி அவர்களே."

"நான் அறியாத திருத்தமா? அப்படி ஒன்று இருக்க முடியாது."

"ஒரு நொடிதான் ஆகும். ஏற்றிக்கொள்ளுங்களேன்."



"எனக்கே பாடமா? இது அவமதிப்பு. பயிற்சி வகுப்பில் தேறும்வரை நீங்கள் வழக்காடக் கூடாது. நுரையீரல் சுரங்கத்துக்கு."

வெளியே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பூவராகனை மறித்தாள். "திருத்தம் உங்க பிடரியிலயும் இருக்குல்ல சார்?"

"இருக்கும்மா. அதுக்காக அவர் மூஞ்சிக்கு நேரா உமக்குத் தெரியலைன்னு சொல்றதா? நாளைக்கும் இதே கோர்ட்லதான நிக்கணும்?"



"விடுங்கம்மா," என்றார் மரியசூசை. "மறுபடி சுரங்கத்துலயே இறங்கிடறேன். மூச்சு விடணும்ல? நீங்க மேல்முறையீடு போடுற வரைக்கும் தாங்குவேன்."

மனித நீதிபதிகள் புதிதாக எதையும் படிப்பதில்லை என்று சலித்துத்தான் இயந்திரத்தை வைத்தார்கள். அது பழகட்டும் என்று பல நூற்றாண்டு நீதிமன்றப் பதிவுகளை ஊட்டினார்கள். அவற்றில் சட்டத்தைவிட அதிகம் இருந்தது ஒரே வாக்கியம்: 'தாங்கள் அறியாததல்ல.' கைகட்டி நின்ற வழக்கறிஞர்கள் சொல்லிச் சொல்லி வைத்தது. இயந்திரம் அதை அப்படியே நம்பிவிட்டது.

பயிற்சி வகுப்பில் பாடம் நடத்த வந்ததும் அதே நீதிபதிதான்.

"வழக்கறிஞர்கள் கற்பதை நிறுத்தவே கூடாது," என்று தொடங்கியது. "தில்லைக்கரசி, பொருத்திய நுரையீரல் யாருக்குச் சொந்தம்?"

தேறாவிட்டால் மேல்முறையீடு இல்லை. மரியசூசை சுரங்கத்தை விட்டு ஏறவே முடியாது. வாயில் அந்தத் துருக் கசப்பு ஊறியது. இந்த முறை விழுங்கினாள்.

"சுரங்கத்துக்கு. தாங்கள் அறியாததல்ல."

அதை மட்டும் இயந்திரம் உடனே ஏற்றிக்கொண்டது.