ஞாயிற்றுக்கிழமைக் கோடு

இதை எனக்குச் சொன்னவர் நோயல். அவர் சொன்னது எவ்வளவு, நானாகச் சேர்த்துக்கொண்டது எவ்வளவு என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நோயல், துப்பறியும் நிருபமாவின் உதவியாளர். அன்று அவர்களிடம் வந்தவர் டென்சில். ஆஸ்டின் டவுனில் விறகு அடுப்பில் ரொட்டி சுடுகிறவர். எதிர்வீட்டு வெங்கடகிருஷ்ணன் தன் வீட்டுச் சுவரில், தூசி அளக்கும் மலிவான சென்சார் ஒன்றை மாட்டி, அது வரைந்த படத்தோடு மாநகராட்சியில் புகார் கொடுத்திருந்தார்.

"திங்கக்கிழமை சீல் வெச்சிடுவாங்க மேடம். எனக்கு வேற தொழில் தெரியாது."

படத்தில் தூசிக்கோடு காலைதோறும் செங்குத்தாக ஏறியது. ஞாயிறுகளில் மட்டும் சற்றுத் தாமதம். ஈரப்பதக் கோடும் கூடவே ஏறியது.

"காலைல அடுப்பு மூட்டறது நீங்கதானே? அப்புறம் என்ன?" என்றார் நோயல்.

நிருபமா படத்தின் ஞாயிறுகளை மட்டும் விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஞாயித்துக்கிழமை எப்ப மூட்டுவீங்க?" என்று கேட்டார்.

"அன்னிக்கு இன்னும் சீக்கிரம். சர்ச்சுல பூசை முடிஞ்சா ஜனம் நேரா கடைக்குத்தான் வரும்."

மூவரும் போனபோது, வெங்கடகிருஷ்ணன் வீட்டில் அவர் மனைவி பாமா நாற்காலியில் சாய்ந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். பக்கச் சுவரில் ஒரு சிறிய ஜன்னலை ஒட்டி சென்சார் இருந்தது. மார்ச் வெயிலிலும் அந்த இடத்தில் மட்டும் பாசி.

"ஏன் சார் இங்க?" என்று கேட்டார் நிருபமா.

"பிளக் பாயின்ட் இங்கதானே இருக்கு? சும்மா பழி போடலை நான். இவ மூச்சு விடறதைப் பாருங்கோ."

"டென்சில் ஞாயித்துக்கிழமை சீக்கிரம் மூட்டறார். உங்க கோடு அன்னிக்குத்தான் லேட்டா ஏறுது. ஈரமும் சேர்ந்து ஏறுது. இது குளியலறை ஜன்னல் சார். ஞாயித்துக்கிழமை லேட்டாத்தானே குளிப்பீங்க? இந்த சென்சார் துகள் மேல வெளிச்சம் பட்டுச் சிதறறதை வெச்சுத்தான் கணக்குப் போடுது. நீராவித் துளியும் அதுக்குத் தூசிதான்."

பாமா மெல்லத் தலையைத் தூக்கினார். "ஏன்னா, நீங்க வெந்நீர்ல குளிச்ச ஆவிக்கா அவர் கடையை மூடச் சொன்னேள்?"

டென்சில் சிரித்துவிட்டார். நிருபமா சிரிக்கவில்லை. "தெருப்பக்கம் மாட்டிப் பார்க்கணும்" என்றார்.

அன்றே புகார் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த வாரம் நிருபமா புதிய படத்தை டென்சிலிடம் நீட்டினார். கோடு முன்போல ஏறவில்லை. ஆனால் விடியுமுன் ஒரு சிறு மேடு. ஞாயிறன்று இன்னும் முன்னதாக.

"கொஞ்சம்தான் டென்சில். ஆனா இது உங்க புகை."

டென்சில் படத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அந்த ஆண்டே அவர் எரிவாயு அடுப்புக்கு மாறினார், கடை நடக்கிறது. பாமா அடுத்த மழைக்காலத்தில் காலமானார். எதனால் வந்த நோய் என்று மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. வெங்கடகிருஷ்ணன் மகளோடு மைசூரில் இருக்கிறார். நோயல் வேறு வேலைக்குப் போய்விட்டார். நிருபமா தனியாக அலுவலகத்தை நடத்துகிறார்.