விவாதச்சூடு

சனிக்கிழமை காலை, தண்ணீர் திறந்துவிடும் நேரத்தில், அந்த வாரம் நடக்காமல் போன சம்பவங்கள் பொதுத்திரையில் ஓடும். ஒரு வேலைநிறுத்தம். ஒரு தேர்தல். யாரோ ஒரு தலைவரின் ராஜினாமா. நிலவின் தென்மாவட்டத்தார் குடியிருப்பில், குழாயடியில் நிற்பவர்கள் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

நினைவகத்தில் இடம் குறைவு. எதை வைத்துக்கொள்வது என்பதை நிர்வாகம் சமகால வரலாற்று மன்றத்திடம் விட்டிருந்தது. அங்கே யாரும் எழுதலாம். எழுதியது யார் என்பது நிர்வாகத்துக்கு மட்டும் தெரியும். ஒரு சம்பவத்துக்காக எத்தனை பேர் மோதிக்கொள்கிறார்களோ அத்தனை விவாதச்சூடு. சூடு ஆறிவிட்டால் படம், குரல், சாட்சியம் எல்லாம் அழிக்கப்படும்; அந்தச் சம்பவம் நடக்காததாகிவிடும்.

அன்று திரையின் கீழே எச்சரிக்கை ஓடியது: 'ஏழாம் கூடக் காற்றுக்கசிவு. அடுத்த சனிக்கிழமை அழிப்பு.' மரகதவல்லி குழாயை மூட மறந்தாள்.

காற்று கசிந்தபோது ஏழாம் கூடத்தில் மழலைப்பள்ளி நடந்துகொண்டிருந்தது. கதவுகள் தாமாகப் பூட்டிக்கொண்டன. அவள் மகள் பூவிழி கதவோரப் பேசியில் கூப்பிட்டாள். "அம்மா, கதவு தொறக்க மாட்டேங்கு." பிறகு மூச்சுச் சத்தம். பிறகு அதுவும் இல்லை. அந்தக் குரலுக்குப் பிரதி எடுக்க அனுமதியில்லை. வாராவாரம் நினைவகத்தின் கேட்பறைக்குப் போய்க் கேட்டுவிட்டு வருவாள்.

கணவனின் தம்பி இசக்கிராசா பொழுதெல்லாம் மன்றத்திலேயே கிடப்பவன். அவனிடம் ஓடினாள்.

"தெனம் எழுதுதேன் இசக்கி. எம்புள்ள செத்துப்போச்சுன்னு எழுதுதேன். ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டேங்காவ."

"என்ன சொல்லுவாவ மதினி? பாவம்னு ஒரு பூவ வச்சிட்டுப் போயிருவாவ. பூவுக்குச் சூடு கெடையாது. மறுத்துப் பேச ஆளு வேணும்."

"நடந்ததப் போயி யாரு மறுப்பா?"

"அதான் சிக்கல். உங்க கதையில சண்டைக்கு எடமே இல்ல."

"நீ மறுத்து எழுதுய்யா."

"நானா? எங்கண்ணன் மக மதினி அவ. கை வருமா எனக்கு?"

அவள் வீட்டுக்கு வந்து எழுதினாள்: 'ஏழாம் கூடத்தில் யாரும் சாகவில்லை. பெற்றோர் நாடகமாடுகிறார்கள்.'

குடியிருப்பே திரண்டது. தண்ணீர்கூடப் பிடிக்காமல் எழுதினார்கள். பூ வைத்துவிட்டுப் போனவர்கள் வசையோடு திரும்பி வந்தார்கள். தங்களுக்கும் ரொம்ப நாளாகவே சந்தேகம் என்றார்கள் சிலர். அவர்களைப் படிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. 'நீயெல்லாம் ஒரு புள்ளையப் பெத்திருந்தா இப்படி எழுதுவியா?' என்று ஒருத்தி கேட்டிருந்தாள். மரகதவல்லி அதை மறுபடியும் படித்தாள்.

அடுத்த சனிக்கிழமை அழிந்தவற்றில் ஏழாம் கூடம் இல்லை.

கேட்பறைக்குப் போனாள். எப்போதும் ஆளில்லாத வாசலில் வரிசை நின்றது. எல்லாரையும் உள்ளே விட்ட கதவு அவளிடம் மட்டும் மூடிக்கொண்டது. 'பாதிக்கப்பட்ட குடும்பத்தினர் மனம் நோகாதிருக்க, மறுப்பாளர்களுக்கு அனுமதி இல்லை.'

வெளியே நின்றாள். உள்ளே யாரோ ஒலியைக் கூட்டிவைத்திருந்தார்கள்.

"அம்மா, கதவு தொறக்க மாட்டேங்கு."

விஷயம் கேள்விப்பட்டு இசக்கிராசா ஓடிவந்தான். "போதும் மதினி. நான்தான் தாய்னு எழுதிருங்க. கதவு தொறந்துரும்."

"எழுதுனா எல்லாரும் ஒத்துக்கிடுவாவளே."

"ஒத்துக்கிட்டா நல்லதுதான?"

"பூவ வச்சிட்டுப் போயிருவாவ."

வரிசை கலையத் தொடங்கியிருந்தது. மன்றத்தில் புதிதாக ஏதோ ஒரு சண்டை. கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தவர்கள், நடந்தபடியே அதற்கு எழுத ஆரம்பித்திருந்தார்கள். வாசலுக்கு மேலே ஏழாம் கூடத்தின் சூட்டுமானி இறங்கிக்கொண்டிருந்தது.

மரகதவல்லி சுவரோடு சாய்ந்து உட்கார்ந்து கைத்திரையைத் திறந்தாள்.

'பூவிழி என்றொரு குழந்தை பிறக்கவே இல்லை.'

முதல் வசை வந்த பிறகுதான் மூச்சு விட்டாள்.