அப்பம் சுடுகிறவள்

பகல் பதினொரு மணி வெயிலிலும் அப்பக் கூடம் இருட்டாகத்தான் இருந்தது. மாவு பறந்துவிடும் என்று ஜன்னல்களை வருஷக்கணக்காகத் திறப்பதில்லை. மாதா கோயிலில் ஆண்டவரின் உடல் என்று நற்கருணையில் கொடுக்கும் மெல்லிய வட்ட அப்பங்களைக் கன்னியர் மடத்தின் இந்தக் கூடத்தில்தான் சுடுகிறார்கள். கோதுமை மாவு, தண்ணீர், இரண்டு இரும்புத் தகடு. மேல் தகட்டில் சிலுவை வெட்டியிருக்கும். மூடினால் ‘டக்’. பிறகு ‘ஸ்ஸ்ஸ்’.

போன மாதம் செத்துப்போன அக்காவின் செருப்பை வாங்கிக்கொண்டு போகத்தான் அவள் வந்திருந்தாள். வீட்டிலேயே முதல் பட்டதாரி. அதனால் மடத்தில் எல்லோருக்கும் அவள் ‘டிகிரி’. பாராட்டு பாதி, குத்தல் பாதி.

அக்கா பத்து வருஷம் இந்தத் தகட்டின் முன்னால் நின்றாள். அதற்குப் பதிலாகத்தான் தங்கை டிகிரிக்கு மடத்து விடுதியில் இடமும் படிப்பும். அப்பத்தை வட்டமாக வெட்டியதுபோக மிஞ்சும் ஓரத்துண்டுகளை அக்கா பொட்டலம் கட்டி அனுப்புவாள். டிகிரி அதை மொறுமொறுவென்று கடித்துக்கொண்டே பரீட்சைக்குப் படிப்பாள். கடைசிப் பரீட்சைச் சமயம் தகடு அக்காவின் வலது கையைக் கவ்வியது. தோல் தகட்டோடு போனது. பழந்துணியைச் சுற்றிக்கொண்டு மூன்று வாரம் வேலை செய்தாள். சீழ் துணியைத் தாண்டிச் சொட்டியது. நான்காவது வாரம் சவப்பெட்டி.

அந்த மூன்று வாரமும் பொட்டலம் தவறாமல் வந்தது.

டிகிரி அதையும் தின்றிருந்தாள். இப்போது நினைத்தாலும் நாக்கு உள்ளே சுருண்டுகொண்டது.

டக். ஸ்ஸ்ஸ்.

தகட்டின் முன்னால் நின்றது சின்னவள், கடைசித் தங்கை. பள்ளிச் சீருடைக்கு மேலே அக்காவின் மாவு அங்கி.

“நீ எங்கடி இங்க?”

“அம்மாதான் கொண்டாந்து விட்டாங்க. பெரியக்கா இடத்துக்கு.”

“வாம்மா டிகிரி” என்றபடி பெரிய சிஸ்டர் உள்ளே வந்தார். “அவ போனப்புறம் இன்னைக்குத்தான் கூடத்தையே திறந்தோம். உங்க அக்கா தன்னையே பலியா குடுத்தா. அந்தப் பலியிலதான் நீ கரையேறின. அதை மறந்துடாத.”

“ஆண்டவர் தானா சிலுவையில ஏறினாரு சிஸ்டர். எங்கக்காவை நீங்க ஏத்தி விட்டீங்க. எங்கம்மா ஏணி புடிச்சாங்க, நான் வேடிக்கை பார்த்தேன். அவரு ஒரு தடவை செத்ததே எல்லாருக்கும் போதும்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க? அப்புறம் என்ன, வீட்டுக்கு ஒருத்தி?”

“படிப்பு ஏற ஏற வாய் நீளுது.”

“ஆமா, அதுக்குத்தானே படிச்சேன். வாடி, போகலாம்.”

சின்னவள் நகரவில்லை. “இரு அக்கா. பெரியக்கா இன்னும் சொல்லிக் குடுத்து முடிக்கலை.”

“யாரு?”

“பெரியக்கா.” பக்கத்திலிருந்த வெற்றிடத்தைப் பார்த்து மூக்கைச் சுளித்தாள். “கைதான் ரொம்ப நாறுது.”

டிகிரி அந்தப் பக்கம் திரும்பினாள்.

பிறகு அந்த நாற்றம் எல்லோருக்கும் வந்தது. முதலில் கருகிய மாவு. அதன் அடியில் புண் கழுவிய தண்ணீர். அதற்கும் அடியில் தித்திப்பாக, அழுகலாக ஏதோ ஒன்று. மூச்சை இழுத்தால் தொண்டையில் வழுவழுவென்று ஒட்டியது.

சின்னவள் மாவை ஊற்றினாள். ஓரத்தில் வழிந்ததை விரலால் வழிக்கக் குனிந்தாள்.

மேல் தகடு தானாக விழுந்தது.

டக்.

ஸ்ஸ்ஸ்.

இறைச்சி வேகும் வாடை.

டிகிரி அலறிக்கொண்டு பாய்ந்து தங்கையை இழுத்தாள். சின்னவளின் கையில் ஒரு கீறல்கூட இல்லை. மணிக்கட்டைச் சுற்றி மட்டும் ஐந்து விரல்கள், மாவுத் தடமாக. யாரோ பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார்கள்.

அப்படியென்றால் உள்ளே வேகிறது யாருடைய கை?

பெரிய சிஸ்டர் தகட்டைத் தூக்கினார். வெந்த அப்பத்தின் நடுவே, சிலுவை இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வலது உள்ளங்கை. ரேகைகளுக்குள் மஞ்சளாக ஈரம் கசிந்துகொண்டிருந்தது.

டிகிரி சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். சிஸ்டரோ மண்டியிட்டார். கண்களில் நீர்.

“அற்புதம்! அவளுக்கு மோட்சம் கிடைச்சிடுச்சு.”

“செத்தும் வெந்துக்கிட்டிருக்கா. இதுவா மோட்சம்? த்தூ!”

தங்கையின் அங்கியை உருவி எறிந்துவிட்டு வெளியே இழுத்து வந்தாள். அக்காவின் செருப்பு அங்கேயே கிடந்தது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னாள்: “ஒருத்தியைத் தின்னாச்சும்மா. நானும்தான் தின்னேன். இவமேல கை வெச்சா நான் மனுஷியா இருக்கமாட்டேன்.”

அம்மா சின்னவளின் சீருடையைத் துவைக்கப் போட்டாள். மறுநாள் சின்னவள் பள்ளிக்கூடம் போனாள்.

மூன்றாவது ஞாயிறு. கோயில் வாசலில் பெரிய சிஸ்டர் பூரித்துப்போய் நின்றிருந்தார்.

“புது ஆள் கிடைச்சுதா?” டிகிரி கேட்டாள்.

“ஆளே வேண்டியதில்லை. காலையில கதவைத் திறந்தா தட்டு நிறைய அப்பம் இருக்கு. எல்லாம் கிருபை.”

அப்படியென்றால் அக்கா இன்னும் அந்தத் தகட்டின் முன்னால்தான் நிற்கிறாள். அவளுக்கு விடுதலை வாங்கித் தர முடியாத படிப்பு!

நற்கருணை வரிசை நகர்ந்தது. சாமியார் அவள் உள்ளங்கையில் அப்பத்தை வைத்தார்.

சூடாக இருந்தது.

வாயில் போடாமல் விரல்களை மூடிக்கொண்டாள். வரிசையில் முன்னால் வாங்கிவிட்ட சின்னவள் பெஞ்சில் உட்கார்ந்து மென்றுகொண்டிருந்தாள். டிகிரி பக்கத்தில் வந்ததும் காதருகே கிசுகிசுத்தாள்.

“அக்கா, இது மொறுமொறுன்னே இல்லை. தோல் மாதிரி இழுக்குது.”