கால் வைக்காத பெடல்

“என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ அண்ணை. அவர் மிதிச்சவரோ?”

புஸ்பராணி இதைக் கேட்டபோது பின்னேரம் மூன்று மணி. பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளை அடக்கிப் பழகிய தொண்டை அது. இரண்டு வேலிக்கு அப்பால் அரிசி களைந்துகொண்டிருந்தவர்கள்கூடக் களைவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். லிங்கநகரில் அன்றைக்குப் பல வீடுகளில் சோறு பிந்தியதற்குக் காரணம் அதுதான்.

கேட்கப்பட்டவர் அவளுடைய ஒரே தமையன், கராஜ் வைத்திருந்த தவராசா. முகத்தைப் பார்க்கச் சொன்னால் மனிதர் மாமரத்தைப் பார்த்தார். மரத்தின் கீழே, தறப்பாள் போட்டு மூடியபடி, சண்டைக்குக் காரணமான கார் நின்றது; விசாரணை முடியும்வரை பொலிஸ் அதை அவர் பொறுப்பில் விட்டிருந்தது.

இரண்டு பேர் மட்டும் ஏறக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். சமாதான காலத்தை நம்பி நோர்வேயிலிருந்து திரும்பிவந்த சிவகுருநாதன் இறக்கியது. நாற்பத்திரண்டு வயதில் புஸ்பராணியைக் கட்டுவதற்கென்று வந்த மாப்பிள்ளை. மாடும் பள்ளமும் நிறைந்த எங்கள் தெருக்களில் அந்தக் காரை அவர் மாட்டுவண்டி வேகத்தில்தான் ஓட்டினார், பகிடி பண்ணாத ஆளில்லை. ஒரு மாதத்துக்கு முன்பு, பொழுதுபடுகிற நேரம், துறைமுகப் பக்கத்தில், நேவிக்காரர் காவல் நிற்கிற சென்றியில், எல்லா வாகனமும் ஊர்ந்துபோகிற இடத்தில் அந்தக் கார் திடீரென்று உறுமிக்கொண்டு பாய்ந்தது. சுட்டார்கள். கண்ணாடியில் ஏழு ஓட்டை. அடுத்த நாள் பேப்பரில் அவர் தாக்க வந்தவர் ஆகிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய தாய் பாக்கியரத்தினத்தைக் கிழமைக்குக் கிழமை கூப்பிட்டு, உன்னுடைய மகன் எந்த இயக்கம் என்று கேட்டார்கள்.

நாளைக்குக் கோட்டில் கடைசி விசாரணை. காரில் பிழையா, மனிதன் மிதித்தானா? கடைசியாகக் காரில் கைவைத்தவர் தவராசா, ஆகவே அதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். பொலிசில் ஏற்கெனவே ஒரு வசனம் சொல்லியிருந்தார். அதையே இப்போதும் மாமரத்துக்குச் சொன்னார்.

“கால் மிதிக்காமல் பெடல் இறங்காது, பிள்ளை.”

புஸ்பராணி அவருக்கும் மாமரத்துக்கும் நடுவே வந்து நின்றாள். பிறகு குரலை இறக்கினாள். வேலிக்கு அப்பால் நின்றவர்களுக்கு அதுதான் பெரிய ஏமாற்றம். “அந்தத் தாய் மனிசிக்கு மிஞ்சியிருக்கிறது நாளைக்கு நீங்கள் சொல்லப்போற கதை மட்டும்தான்” என்றாள்.

செத்தவரின் முப்பத்தோராம் நாள் சடங்குக்குச் சமைக்க வேண்டுமென்று தவராசாவின் மனைவி நல்லம்மாவையும் கூட்டிக்கொண்டு பாக்கியரத்தினம் வீட்டுக்குப் போய்விட்டாள். ஐந்து மணிக்கு ஊரடங்கு என்று ஜீப்பில் அறிவித்துக்கொண்டு போனார்கள். பெண்கள் இனி விடிந்துதான் வருவார்கள். தவராசா தனியே இருந்தார்.

அவர் மறைத்தது இதுதான். முப்பது வருஷமாக அவர் கண்ட வாகனங்களில் அக்சிலேற்றர் பெடலிலிருந்து எஞ்சினுக்கு ஒரு கேபிள் போகும். பொனட்டுக்குள் நின்று கேபிளை இழுத்தால், உள்ளே பெடல் தானாகக் குனியும். சிவகுருநாதனின் காரில் கேபிளே இல்லை. “இதில கால் கேக்கிறது மட்டும்தான் மச்சான், எவ்வளவு திறக்கிறதெண்டு கொம்பியூட்டர்தான் முடிவெடுக்கும்” என்று அவர் பெருமையாக விளங்கப்படுத்தியிருந்தார். பெடலுக்கும் எஞ்சினுக்கும் நடுவே ஒரு வயர். காற்றுக் குழாயின் வாயில் இருக்கும் மூடியைத் திறந்து மூடுவது ஒரு குட்டி மோட்டர். அரசாங்கக் கச்சேரியில் விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி என்று தவராசா சிரித்தார். உள்ளுக்குள் எரிந்தது. சத்தத்தை வைத்தே நோய் சொல்லுகிற மெக்கானிக் என்று தன்னைத்தானே சொல்லிக்கொள்கிறவர் அல்லவா.

சம்பவத்துக்கு முந்தின சனிக்கிழமை எஞ்சின் கொஞ்சம் நடுங்குகிறது என்று கார் வந்தது. காற்றுக் குழாயைக் கழற்றி, வழக்கம் போல, விரலை விட்டு மூடியைத் தள்ளினார். அது இறுகி நின்றது. இன்னும் அழுத்தினார்.

டிக்.

உள்ளே குட்டி மோட்டரின் நைலோன் பற்சக்கரத்தில் பல்லொன்று உடைந்த சத்தம். அரை மைல் தூரத்தில் ஓடுகிற வான் ஒன்றின் எஞ்சின் வருத்தத்தைக் கேட்கிற அந்தக் காதுக்கு, இது மட்டும் கேட்கவில்லை. பல் உடைந்தால் மூடி திறந்தபடியே சிக்கலாம், கால் வைக்காமலே கார் பாயலாம்; துடைத்துப் பூட்டிக் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை சிவகுருநாதன் செத்துப்போனார்.

கோட்டில் இதைச் சொன்னால், கைப்பிழை என்று ஆர் நம்புவார்கள்? ஆர் சொல்லிச் செய்தாய் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குள் போன எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்? ஆகவே மூடியும் மோட்டரும் இருக்கிற அந்தப் பெட்டியைக் கழற்றிக் கிணற்றுக்குள் போட்டுவிடுவதென்று தவராசா முடிவெடுத்தார்.

வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. ஊரடங்கில் தெரு முழுக்கச் செத்துக் கிடந்தது; ஒரு சைக்கிள் மணி இல்லை, ஒரு ரேடியோ இல்லை, பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் மனிதர்கள் மூச்சைக்கூட எண்ணி விடுகிறார்கள் போல இருந்தது. தறப்பாளை இழுத்ததும் உப்பும் சூடேறிய ரப்பரும் கலந்த மணம் வந்தது. அதற்கும் அடியில், ஒரு மாதமாகப் பூட்டிய காருக்குள் கிடந்து பழசான, இரும்பு நக்கியது போன்ற இன்னொரு மணம். மூக்கைப் பொத்திக்கொண்டு பொனட்டில் கை வைத்தார்.

சூடு.

மத்தியானம் தொடங்கி மாமர நிழல்தான் விழுந்து கிடந்தது. தறப்பாள் வெக்கை என்று தனக்குச் சொல்லிக்கொண்டு பொனட்டைத் திறந்தார். பற்றரி இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அதை ஒரு மாதத்துக்கு முன்பே அவர்தான் கழற்றிக் குசினித் தட்டில் வைத்திருந்தார்.

துறைமுகத்துக்குள் நீரடி வெடி போட்டார்கள். நீந்திவருகிறவர்களைத் தடுக்க நேவிக்காரர் போடுவது. தரைக்கு அடியால் வந்து உள்ளங்காலில் முட்டும். தொம். வீட்டுக்குள் கோப்பைகள் கிலுங்கின. அந்த அதிர்வு அடங்குகிற நேரத்தில் எஞ்சினுக்குள்ளும் ஏதோ கிலுங்கியது. அவர் ஸ்குரூவைத் திருப்பினார். தொம். டிக். இன்னொரு ஸ்குரூ. தொம். டிக். நிலம் அதிர்ந்தால் இரும்பும் அதிரும்தானே. ஒவ்வொரு வெடிக்கும் ஒன்று. அவருக்கு அதில் கொஞ்சம் ஆறுதல்கூட வந்தது.

பிறகு வெடி நின்றது.

டிக்.

அவர் கை நின்றது.

டிக்.

காற்றுக் குழாயை மெல்ல இழுத்து எடுத்தார். உள்ளே அந்த மூடி முழுக்கத் திறந்திருந்தது. மின்சாரம் இல்லாதபோது மூடியிருக்க வேண்டியது, எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது நிற்பது போல, வாயை அகலத் திறந்துகொண்டு நின்றது. தவராசாவின் விரல், முப்பது வருஷப் பழக்கம், அவரைக் கேளாமலே உள்ளே போனது.

மூடி மூடியது. மெதுவாக. விரல் நடுவில்.

வலிக்கவில்லை. பல்லில்லாக் குழந்தை சூப்புவது போலப் பிடித்தது. பிடித்துக்கொண்டே இருந்தது. பிறகு விட்டது.

அவர் கண்ணாடியூடாகப் பார்த்தார். ஏழு ஓட்டைகளுக்குப் பின்னால் சாரதி ஆசனம். ஆருமில்லை. ஆருமில்லை என்று இரண்டு தரம் பார்த்தார்.

போயிருக்கலாம். வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தியிருக்கலாம். ஆனால் கேபிள் இல்லாத பெடல் ஒன்றும் செய்யாது என்பது அவருக்குத் தெரியும். எஞ்சினுக்குள் எது விசர்பிடித்து ஆடினாலும் அந்தப் பெடலுக்குத் தெரியாது. அதை ஒருக்கால் பார்த்தால் போதும், மனம் ஆறும். கதவைத் திறந்து குந்தினார்.

பெடல் நிமிர்ந்து நின்றது. கீழே காய்ந்து கறுத்த பாய்.

மூச்சு விட்டார்.

பெடலின் ரப்பர் அமுங்கியது.

பெருவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, சின்னது.

பெடல் இறங்கியது. அவசரமில்லாமல். பாதி. முக்கால். தரை.

கேபிள் இல்லை. பற்றரி இல்லை. ஆளில்லை.

கால் மிதிக்காமல் பெடல் இறங்காது. அவருடைய சொந்தக் குரல்தான், காதுக்குள்.

பெடல் ஏறவில்லை.

அடுத்த நாள் கோட்டில் தவராசா உயரமான ஸ்டூல் ஒன்றின் விளிம்பில், இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தார் என்றும், நீதவான் ஐயா ஒரு தரம் அதட்டித்தான் காலைக் கீழே போடுவித்தார் என்றும் பார்த்தவர்கள் சொன்னார்கள். புஸ்பராணியும் பாக்கியரத்தினமும் முன்வாங்கில் இருந்தார்கள். அவர் வாயைத் திறந்தார், மூடினார், திறந்தார். டிக் என்ற அந்த ஒரு சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பிறகு ஆர் சொல்லிச் செய்தாய் என்ற கேள்வியும் வந்தது.

“மிதிச்சுத்தான் இருக்கவேணும்” என்றார். “நான் கண்டனான், ஐயா... கால் இல்லாமல் இறங்காது.”

பாக்கியரத்தினம் அழவில்லை. அந்தப் பங்குனி முடியமுன் மட்டக்களப்புக்குத் தமக்கையிடம் போனவர் திரும்பவில்லை. காரைக் கிண்ணியா ஸைனுலாப்தீன் பழைய இரும்புக்கு எடுத்தார். எல்லாம் கழன்றதாம், அந்தப் பெடலை மட்டும் தரையிலிருந்து கிளப்ப ஏலாமல் அறுத்து எடுத்தாராம். புஸ்பராணி இரண்டு வருஷம் கழித்து, தாரமிழந்த தபால் கந்தோர் தம்பிராசாவைக் கட்டிக்கொண்டு உப்புவெளிக்குப் போனாள். கலியாணத்துக்குத் தமையனுக்குச் சொல்லவில்லை.

தவராசா கராஜைப் பூட்டிவிட்டு நல்லம்மாவோடு வவுனியாவுக்குப் போனார். அங்கே வாகனம் இல்லை, சைக்கிள்கூட இல்லை. பெடல் இருக்கிற ஒன்றையும் வீட்டுக்குள் அவர் விடவில்லை. நல்லம்மா சட்டை தைத்துத்தான் சீவியம். காலால் மிதிக்கிற தையல் மெசின் அது என்பதை அவர் யோசிக்கவில்லை.

ஒரு மத்தியானம் நல்லம்மா பாதித் துணியோடு எழுந்து குசினிக்குப் போனாள். தவராசா கதிரையில் கண்ணயர்ந்திருந்தார்.

டிக்.

மெசின் ஊசி துணிக்குள் இறங்கியது. அவர் கண்ணைத் திறந்தார். கீழே பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார்.

மிதிபலகையின் முன்பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. அவசரமில்லாமல். பாதி. முக்கால். அடி.

அதில் படிந்திருந்த வெள்ளைப் பஞ்சுத் தூசியில் ஐந்து கால்விரல்.

பலகை ஏறவில்லை.