கூரையின் கொள்ளளவு

வசிப்போர் இரண்டு என்று இருக்க வேண்டிய இடத்தில், அன்று மாலை, கணினித் திரை வசிப்போர் மூன்று என்று காட்டியது.

அவன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டு பார்த்தான். எண் மாறவில்லை. பகலெல்லாம் அடுக்குமாடிகளின் லிஃப்டுகளைச் சோதித்துச் சான்றளிப்பது அவனுடைய உத்தியோகம். வீடு திரும்பியதும் அவன் அமர்வது ஒரு கணினி விளையாட்டின் முன். ஆளரவமற்ற காட்டில் மரம் வெட்டி, கல் உடைத்து, வீடு கட்டி, பசிக்கும் பனிக்கும் இருட்டில் பிறக்கும் ஜந்துக்களுக்கும் தப்பி உயிரோடிருப்பதே அந்த ஆட்டம். அதை அவன் ஆடியதைவிடத் திருத்தியதே அதிகம். மிகையானதைக் குறைத்தும் குறையானதை நிரப்பியும் ஆட்டத்தை நடுநிலைக்குக் கொண்டுவரும் ‘மோட்’ என்னும் திருத்த நிரல் ஒன்றை அவன் மூன்றாண்டுகளாக எழுதி வந்தான். ஆயிரக்கணக்கானோர் அதை நிறுவியிருந்தார்கள். வீட்டில் அவனுக்குத் ‘தராசு’ என்னும் பட்டத்தை வாங்கித் தந்ததும் அதுவே, சூட்டியவள் மனைவி.

அவன் புதிதாகச் சேர்த்த விதி கூரையைப் பற்றியது. ஆடுவோர் நான்கு சுவர்களுக்குள் இருபது துணையாட்களை அடைத்து வைத்து, ஒரு கேடும் அண்டாமல் உண்டு கொழுத்தார்கள். ‘மண்வெட்டி’ என்ற புனைபெயர்க்காரன் ஒருவன், “அண்ணே, இது உசுர் பொழைக்கற கேமா, மாமியார் வீட்டு விருந்தா?” என்று எழுதிக் கேட்டிருந்தான். லிஃப்டில் ஆறு பேர் என்று தகட்டில் பொறித்திருந்தால், ஏழாமவர் ஏறியதும் அது கூவும். ஒருவர் இறங்கியே ஆக வேண்டும். அதுபோல் ஒவ்வொரு கூரைக்கும் ஒரு கொள்ளளவு விதித்தான். அறைக்கு ஒருவர். மிஞ்சினால், அவ்வீட்டில் இருப்போருள் மிக வலுவற்றவரின் உயிர் நாள்தோறும் தேயும்.

நடந்து பழகிய வீட்டில்தான் பிழை சட்டென்று கண்ணில் படும் என்பது அவன் கொள்கை. ஆகவே சோதனைக்கென்று, ஐந்தாம் மாடியிலிருந்த தன் குடியிருப்பையே அங்குலம் பிசகாமல் விளையாட்டுக்குள் கட்டி வைத்திருந்தான். இரண்டு அறைகள், குளியலறையைத் தாண்டி வெறுஞ்சுவரில் முடியும் ஒரு குறுகிய நடை. உள்ளே இரண்டே உருவங்கள்: அவன், அவள்.

மூன்றாவது யாரென்று அறை அறையாகத் தேடினான். ஒருவருமில்லை. அவளுடைய உருவம் மட்டும் படுக்கையறையில் சுவரை நோக்கி நின்றபடி, அவன் ஒருபோதும் எழுதியிராத ஓர் அசைவாக, வயிற்றின்மேல் கையை வைத்திருந்தது.

“தராசு! சோறு ஆறிப்போச்சு. அங்கயே ஒரு இலை போடட்டுமா?”

“வரேன், வரேன். ஒரு சின்னப் பிழை. ரெண்டு பேர் இருக்கற வீட்டுல மூணு பேர்னு காட்டுது.”

பரிமாறிக்கொண்டிருந்த கரண்டி நின்றது. “உங்களுக்கு யாருங்க சொன்னா?”

“என்னத்த?”

“டாக்டரப் பாத்துட்டுச் சொல்லலாம்னு வாயக் கட்டி வச்சிருந்தேன். அதுக்குள்ள உங்க பொட்டி முந்திக்கிச்சா?” அவள் சிரித்தாள், சிரிப்பிலேயே கண் நிறைந்தது. “நாள் தள்ளிப் போயிருக்குங்க.”

எட்டு ஆண்டுகளாக அவ்வீடு காத்திருந்த சொல் அது. அவன் அவளைக் கட்டிக்கொண்டான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று தன்னைத் தேற்றிக்கொண்டான். ஆயினும் அன்றிரவு இருமுறை எழுந்துபோய் அந்த எண்ணைப் பார்த்தான்.

மறுநாள் ஆட்டத்தின் நாட்பதிவில் புதிய வரி ஒன்று முளைத்திருந்தது. மூன்றாமவர், உயிர்: நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று. அதற்கடுத்த நாள் எண்பத்தாறு.

அவன் விதியை நீக்கினான். பதிவு நிற்கவில்லை. கொள்ளளவை இரண்டிலிருந்து இருபதாக்கினான். சேமித்துத் திறந்தால், அழித்த சிலேட்டில் பழைய எழுத்து தெரிவது போல், அதே இரண்டு. அலுவலகத்தில் வேலை என்று பொய் சொல்லி ஓரிரவு வெளியே தங்கினான், அப்போதும் மூன்றே. அந்த ஆட்டத்தின் கணக்கில், கட்டில் எங்கே இருக்கிறதோ ஆளும் அங்கேதான்.

ஒரு பிற்பகலில், உள்ளே அவள் கண்ணயர்ந்திருந்தபோது, விளையாட்டில் தன் கட்டிலை உடைத்தால் வசிப்போரில் ஒருவர் குறைவார் என்று கோடரியை ஓங்கினான். முதல் வெட்டு மரத்தில் இறங்கிய அதே கணத்தில், படுக்கையறையிலிருந்து, “அம்மா!” என்ற அலறல் கேட்டது.

ஓடினான். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள். “யாரோ கட்டிலுக்கு அடியில இருந்து குத்துன மாதிரி இருந்துச்சுங்க.”

அதன்பின் அவன் எதையும் உடைக்கத் துணியவில்லை. கணினியை அணைக்கவும் துணியவில்லை. அணைத்தால் எது அணையும் என்று யார் சொல்ல முடியும்?

மருத்துவரம்மாள் திரையை நெடுநேரம் பார்த்தார். “துடிப்பு இருக்கும்மா. கொஞ்சம் மந்தமா இருக்கு, அவ்வளவுதான். நல்லாப் படுத்து ஓய்வெடுங்க.” பிறகு அவன் பக்கம் திரும்பினார். “நீங்க ஏங்க பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? பேஷன்ட் அவங்களா, நீங்களா?”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவனால் இயலவில்லை. அன்றைய எண் ஐம்பத்தொன்று.

நாளுக்கு ஏழு. பதின்மூன்றாம் நாள் ஒன்பது.

அன்று ஞாயிறு. மணி ஐந்துகூட ஆகவில்லை. ஆயினும் கருமேகம் கவிந்து, மழை சன்னல் கண்ணாடியில் விரல் நுனிகளால் தட்டுவது போல் ஓயாமல் தட்டிக்கொண்டிருக்க, வீட்டுக்குள் துவைத்துக் காயாத துணியின் வாடையும் கணினியின் சூடேறிய தூசி வாடையும் கலந்து நின்றன. காலையிலிருந்தே அவளுக்கு வலி. மருத்துவமனைக்கு வண்டி சொல்லியிருந்தான். சாலையில் தண்ணீர் என்று ஓட்டுநர் தாமதித்தார். அவன் ஒரு காதை அவளுடைய முனகலுக்கும், இரு கண்களையும் பதிவுக்கும் கொடுத்து உட்கார்ந்திருந்தான்.

எட்டு.

நாளைக்குத்தானே குறைய வேண்டும்? அவன் நாற்காலியின் விளிம்புக்கு வந்தான்.

ஏழு. ஆறு.

“என்னங்க... இங்க வாங்களேன்... ரொம்ப வலிக்குது...”

“இதோ வரேன்மா. ஒரே நிமிஷம்.”

உடைக்கக்கூடாது. குறைக்கக்கூடாது. அப்படியானால் கூட்டலாம். அறைக்கு ஒருவர் என்றால், இன்னோர் அறை! எதையும் தொடாமல், இருப்பதோடு ஒட்டி. மூளையில் மின்னல் வெட்டியது போல் இருந்தது. மூன்றாண்டுகள் எண்களையே திருகிக்கொண்டிருந்தவனுக்கு, கட்டுவதற்காகவே படைக்கப்பட்ட ஆட்டம் அது என்பது மறந்தே போயிருந்தது.

நடையின் கோடிச் சுவருக்கு அப்பால், மெய்யான வீட்டில் ஐந்து மாடி உயரத்துக்கு வெறும் காற்று மட்டுமே உள்ள இடத்தில், அவன் தரை பாவினான். ஐந்து. பலகை மேல் பலகையாக மூன்று சுவர்கள். நான்கு. உள்ளங்கை வியர்த்து மவுஸ் வழுக்கியது. மூன்று. கூரை. இரண்டு. கதவு எங்கே? சரக்குப் பெட்டியில் கதவு எங்கே? அவள் இப்போது முனகவில்லை. அதுதான் அச்சமூட்டியது. கதவு. கோடிச் சுவரில் பதித்தான்.

கொள்ளளவு மூன்று. வசிப்போர் மூன்று.

எண் ஒன்றில் நின்றது. நின்று, சற்றே யோசிப்பது போல் நின்று, ஏறத் தொடங்கியது. பத்து. முப்பத்தைந்து. எழுபது. நூறு.

அவன் மேசையில் தலையைக் கவிழ்த்து, குழந்தையைப் போல் விம்மி விம்மி அழுதான். உள்ளிருந்து அவளுடைய குரல் வந்தது; தெளிந்து, வியந்து. “ஏங்க! வலி டக்குனு விட்டுப் போச்சுங்க. கை வச்சு எடுத்த மாதிரி!”

“படுத்திரு. எழுந்திருக்காத. வண்டி வந்துரும்.”

மழை ஓய்ந்திருந்தது. அந்த அமைதியில், நடையின் கோடியிலிருந்து ஒரு வாசம் மெல்ல நகர்ந்து வந்தது: அப்போதுதான் அறுத்த பச்சை மரத்தின் வாசம், அதனடியில் என்றும் வெயில் படாத மண்ணின் வாசம். பிறகு, எண்ணெய் காணாத கீல் ஒன்றின் நீண்ட முனகல்.

அவன் எழுந்தான். கால்கள் தம் விருப்பம்போல் நடந்தன.

வெறுஞ்சுவர் இருந்த இடத்தில் கதவு இருந்தது. அதன் முன் வெறுங்காலோடு அவள் நின்றிருந்தாள். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“எப்பங்க கட்டுனீங்க? எனக்குத் தெரியாமயா? சரியான கள்ளன் நீங்க. குழந்தைக்குத்தானே?”

“அங்க போகாத.” அவன் கையை நீட்டினான். “இங்க வா. எங்கிட்ட வா.”

“சும்மா எட்டிப் பாத்துட்டு வரேங்க.”

அவள் உள்ளே போனாள். இருள் அவளை இடுப்பு வரை விழுங்கியது. பிறகு தோள் வரை. பிறகு முழுதும்.

இருள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. முதல் நாள் ஆடும் சிறுபிள்ளைகூட மறக்காத பாலபாடம். அறை கட்டினால் முதலில் விளக்கு. விளக்கில்லாத வெற்றறையை அந்த ஆட்டம் வெறுமையாக விட்டு வைப்பதில்லை. இருளே கருவாகும். எதையேனும் ஈன்றெடுக்கும்.

அவன் அவசரத்தில் விளக்கு வைக்கவில்லை.

பின்னால் கூடத்தில் கணினி ஒருமுறை கீச்சிட்டது. எண்ணைப் பார்க்க அவன் திரும்பவில்லை. சுவரைப் பற்றிப் பற்றி நடந்தான். நிலைப்படியில் நின்றான். உள்ளே குளிர். பச்சை மரம். ஈர மண். மூச்சு.

இரண்டு மூச்சுகள்.

“உஷ்...” என்றாள் அவள், உள்ளிருந்து, மிகத் தாழ்ந்த குரலில். “மெதுவாங்க. இப்பதான் கண் அசந்துச்சு.”

கண்கள் இருளுக்குப் பழகின. மூலையில் அவள் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். அவள் தலை ஒரு மடியில் இருந்தது. அந்த மடிக்கு மேலே, கூரையை முட்டி, முட்டியதால் வளைந்து, மறுபடியும் அவளை நோக்கிக் குனிந்திருந்தது அது. அதன் நீண்ட கை, மூன்று இடங்களில் மடங்கி, அவளுடைய வயிற்றின்மேல் படிந்திருந்தது. தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை உறங்கவைப்பது போல், மெல்ல, மிக மெல்ல, தட்டிக்கொண்டே இருந்தது.